கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றவள்

மூன்று வருடங்களுக்கு முன், பங்குனி மாதத்தில், இலஞ்சியில் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது இது. அப்போது என் மகள் மூன்றாம் வகுப்பு. சிறுநீரகக் கோளாறுக்காக அவள் சாப்பிட்டுவந்த மாத்திரையால் எதிர்ப்புச் சக்தி குறைந்திருந்தது. அம்மை போட்ட பிள்ளையோடு இருந்தது தெரிந்தால், கொப்புளம் வரும்வரை காத்திருக்காமல் உடனே கூட்டிவரச் சொல்லியிருந்தார் திருநெல்வேலி டாக்டர். வகுப்பு டீச்சரும் பெற்றோர் கூட்டத்தில், என் மகள் பெயரைச் சொல்லாமல், யாருக்காவது அம்மை கண்டால் அன்றைக்கே தெரிவிக்கும்படி கேட்டுக்கொண்டார்.

முழு ஆண்டுத் தேர்வு நெருங்கிய சமயம். காலையில் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். வாசலில் குரல் கேட்டது. மகளோடு ஒரே பெஞ்சில் உட்காரும் பையனின் அம்மா. கூட்டத்தில் பார்த்த முகம், பேசியதில்லை. உள்ளே வரச் சொன்னேன். அவள் கேட்டுக்கு வெளியே இன்னும் தள்ளிப்போய் நின்றாள்.

"அக்கா, எம் மவனுக்கு அம்மை போட்டிருக்கு. நேத்து பூரா ஒங்க பிள்ள பக்கத்துலதான் இருந்திருக்கான். பாப்பா தெனமும் மாத்திரை திங்கும்னு சொல்லுவான். அதான் வந்தேன். இன்னைக்கே டாக்டர்ட்ட காட்டிருங்க."

அம்மை கண்ட வீட்டுச் சேதியை வெளியே சொல்லக் கூடாது என்று மாமியார் தடுத்தாராம். இவளுக்கு மனசு கேட்கவில்லை. என் போன் நம்பரும் தெரியாததால், காய்ச்சலில் கிடந்த மகனை விட்டுவிட்டு நேரே வந்திருக்கிறாள்.

அன்றைக்கே திருநெல்வேலி போனோம். நல்லவேளை சீக்கிரம் வந்தீர்கள் என்று டாக்டர் ஊசி போட்டார். டீச்சர் வீடுவீடாகப் போன் செய்து, அம்மை கண்டவர்கள் பரீட்சையைப் பிறகு எழுதலாம், யாரும் மறைத்து அனுப்ப வேண்டாம் என்று சொன்னார். அப்படியும் பாதி வகுப்புக்குப் பரவியது. என் மகளுக்கு நாலைந்து கொப்புளத்தோடு நின்றது.

அந்தப் பையனுக்குத்தான், என் மகளுக்குக் கொப்புளம் காணும் முன்பே, முற்றிவிட்டது. சளி நெஞ்சைத் தாக்கி, மூச்சுத் திணறி, தென்காசி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஓடிப்போய்ப் பார்க்கத் துடித்தேன். எனக்கும் அதுவரை அம்மை வந்ததில்லை; போனால் நானே வாங்கிவந்து வீட்டில் கொடுத்துவிடுவேனோ என்ற பயம். போனில் பேசும்போது எனக்கு அழுகைதான் வந்தது.

"நீங்க வராதீய அக்கா. ஒங்க பிள்ளையப் பாத்துக்கிடுங்க" என்றாள்.

பையன் பிழைத்துவிட்டான். பள்ளி திறந்த அன்று பார்த்தபோது தோள் எலும்பு தெரிய இளைத்திருந்தான். அவனைக் கட்டிக்கொண்டேன்.

அவள் சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. இப்போது மகளுக்கு லேசாக உடம்பு சுட்டாலும், பள்ளிக்கு அனுப்பும் முன், பக்கத்தில் உட்காரப்போகும் பிள்ளைக்கும் ஒரு தாய் இருப்பாள் என்ற நினைப்பு என்னைத் தடுத்து நிறுத்துகிறது.