எழுந்து நின்று பேசுபவர்

ஒஸ்லோவில் ஞாயிறு பூசை முடிந்ததும் கோவில் மண்டபத்துக்குக் கோப்பி குடிக்க வரும் அந்த ஜெர்மன்காரரின் பெயரை நான் கேட்டதே இல்லை. ஒல்லியான கிழவர், முழங்கை தேய்ந்த கோட்டு. ஜெர்மனி இரண்டாக இருந்த காலத்தில் கிழக்குப் பக்கத்திலிருந்து துரத்தப்பட்ட வரலாற்று ஆய்வாளர் என்று மட்டும் தெரியும். கைபேசி ஒலித்தால் எழுந்து, கோட்டுப் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டுதான் பேசுவார். மறுமுனையில் தொண்ணூறு தாண்டிய அவருடைய பழைய பேராசிரியராம்.

"பாருங்கோவன், வாத்தியாரோட எழும்பி நிண்டு கதைக்கிறார். எங்கட ஆக்கள் மாதிரி," என்று என் மனைவி உருகிப்போனாள்.

ஒருநாள் கோப்பியுடன் அவர் மேசையருகே நின்று, அதையே நோர்வேஜிய மொழியில் சொன்னேன்.

அவர் சிரித்தார். "என்னைப் பொலிசுக்குக் காட்டிக்கொடுத்தவரே அவர்தான்."

காட்டிக்கொடுத்தவனின் பெயரைக்கூட எங்கள் வீடுகளில் சொல்லமாட்டார்கள்.

"பிறகு ஏன் அவருடன் பேசுகிறீர்கள்?"

"குற்றம் தேடித்தான் படித்தார். ஆனால் நான் எழுதியதை ஒரு வரி விடாமல் படித்தவர் அவர் ஒருவர்தான். இப்போதும் எதை எழுதினாலும் அவருக்குத்தான் முதலில் வாசித்துக் காட்டுகிறேன்."

கைபேசி ஒலித்தது. அவர் எழுந்து பொத்தான்களைப் பூட்டினார். அதுவரை நின்றுகொண்டிருந்த நான் உட்கார்ந்துவிட்டேன்.