கிரைண்டர் ரிப்பேரும் கீழ விழாத வேலையும்

பயமில்லைங்களான்னு கேக்கறீங்க. இருக்குதுங்க. இல்லைன்னு சொன்னா நீங்களும் நம்ப மாட்டீங்க, என்ர காலும் நம்பாது. கிரைண்டர் மெக்கானிக்குன்னா பெல்ட்டு மாத்தறது, மோட்டாரு பாக்கறதுன்னு அல்லாரும் நெனைச்சுக்கறாங்க. அதெல்லாம் கடைசியில ஒரு கால் மணி நேரமுங்க. கஸ்டமர் ஊட்டு சமையக்கட்டுல போயி முழுசா நிக்கறதுதான் வேலை. அத்தாப்பெரிய கல்ல ஆரும் கடைக்குத் தூக்கீட்டு வரமாட்டாங்க, நாமதான் போகோணும்.

எடது கால் சின்ன வயசுலயே போலியோவுல சூம்பிப் போச்சு. கக்கத்துல கட்டை வெச்சுத்தான் நடை. வலது கால்தான் முதலாளி. ஒருக்கா கஸ்டமர் ஊட்டு வாசல்ல வழுக்கி விழுந்து, அந்தப் பக்கத்து இடுப்பும் ஒடைஞ்சு, உள்ள பிளேட்டு வெச்சிருக்குது. "இன்னொருக்கா விழுந்தீங்கன்னா அப்பறம் சக்கர நாற்காலிதான்"னு டாக்டரு சொல்லிப்போட்டாரு. சக்கர நாற்காலி மாடிப்படி ஏறாதுங்களே. ஊட்டுல சம்பாதிக்கற ஆளு நான் ஒருத்தன்தான். முன்னெல்லாம் சைடு வீல் வெச்ச ஸ்கூட்டர் ஓட்டீட்டிருந்தேன். இடுப்பு குலுங்கக் கூடாதுன்னு அதையும் நிறுத்திட்டாங்க. இப்ப டவுன் பஸ்ஸு. டவுன் பஸ்ஸு குலுங்காதுன்னு டாக்டருக்கு ஆரோ சொல்லியிருக்கறாங்க.

இடுப்பு ஒடைஞ்ச நாள்ல இருந்து நான் ஊரப் பாக்கறதில்லீங்க, தரையத்தான் பாக்கறேன். நீங்களும் பஸ்ஸுப் படியில தொங்குனவங்க, மழையில குழி எங்கிருக்குதுன்னு தேடுனவங்கதானே? உங்களுக்கு ரெண்டு கால்ல இருக்கற பயம் எனக்கு ஒரே கால்ல இருக்குது, அவ்வளவுதான்.

காந்திபுரத்துல ஒரு நல்ல மனுசன்

நைட் ஸ்கூல்ல பத்தாவது படிக்கறப்ப, சார் போர்டுல ஒரு படம் போட்டு ஈர்ப்பு மையம்னு சொல்லிக் குடுத்தாரு. அப்பப் புரியலீங்க. காந்திபுரத்துல பஸ் ஏறறப்பத்தான் புரிஞ்சுது. முதல் படி என்ர முழங்காலுக்கு மேல இருக்கும். வலது கையில கம்பியப் புடிச்சு, மொத்த கனத்தையும் கட்டை மேல போட்டு, வலது கால மேல வீசோணும். அந்த ஒரு நொடி என்ர ஈர்ப்பு மையம் கட்டையிலதான் இருக்குது.

அன்னைக்குக் காலையில நல்ல கூட்டம். கால வீசறேன், பின்னால நின்ன வெள்ளை வேட்டிக்காரரு, "குடுங்க, நான் புடிச்சுக்கறேனுங்க"ன்னு கட்டைய உருவிட்டாரு. அவரு நெனைச்சது உதவி. பஸ்ஸும் நகந்துருச்சு. ஒரு கையில கம்பி, ஒரு கால் பாதி படியில, முதுகுல டூல்ஸ் பை என்னக் கீழ இழுக்குது. உள்ள இருந்த ரெண்டு பேரு சட்டையப் புடிச்சு இழுத்துப் போட்டாங்க. சட்டை கிழிஞ்சுது, இடுப்பு தப்பிச்சுது. சன்னல் பக்கம் பாக்கறேன், அந்த மனுசன் கட்டைய நீட்டிப் புடிச்சுட்டு பஸ்ஸு கூடவே மூச்சு வாங்க ஓடியாறாரு.

"ஏனுங்க, கட்டைய மறந்துபோட்டுப் போறீங்களே!"

சிக்னல்ல நின்ன கதை

ரோட்டத் தாண்டறப்ப பச்சை விளக்குக்கும் எனக்கும் ஒத்து வர்றதே இல்லீங்க. நான் நடு ரோட்டுக்குப் போறதுக்குள்ள அதுக்கு அவசரம் வந்துருது. ஒரு நாளு அப்படி நடுவுல மாட்டிக்கிட்டேன். முன்னால போகவும் வழியில்லை, திரும்பறதுன்னா கட்டைய எடுத்து மாத்தி வெக்கோணும். எடுத்தா எவனாவது இடிச்சுருவான். ஒரு பஸ்ஸு என்ர சட்டைக்கையத் தொட்டுட்டுப் போகுது. கண்ண மூடிக்கிட்டு நிக்கறேன். ஆட்டோக்காரத் தம்பி ஒருத்தன் பக்கத்துல வந்து பிரேக்கப் போட்டு எட்டிப் பாத்தான்.

"ஏனுங்ணா, போறீங்களா, இங்கயே நிக்கப் போறீங்களா? நிக்கறதுன்னா சொல்லுங்க, மாலை வாங்கியாரோம்."

தொடச்சு வெச்ச ஊடு

நம்ம பக்கம் மரியாதைக்குக் கொறையே இல்லை. ஊட்டுக்கு ஆள் வருதுன்னா தொடச்சு, மொழுகி, பளபளன்னு வெச்சுருவாங்க. அந்த மரியாதைதானுங்க எனக்கு எமன்.

வடவள்ளியில ஒரு அம்மணி ஊடு. கதவத் தொறந்து, "வாங்க வாங்க"ன்னு சொல்லீட்டு உள்ள போயிட்டாங்க. ரெண்டு எட்டு வெச்சேன். கிரானைட்டுத் தரை, ஈரம் காயலை. கட்டையோட ரப்பர் நுனி சர்ருன்னு ஒரு ஜாண் வழுக்கி, எப்படியோ நின்னுது. நானும் நின்னேன். முன்னாலயும் ஈரம், பின்னாலயும் ஈரம். ஒடைஞ்ச அன்னைக்கு எலும்பு போட்ட சத்தம் காதுக்குள்ள கேக்குது. "பேப்பர் இருக்குதுங்களா?"ன்னு கேட்டேன். அன்னைக்கு வந்த பேப்பரக் குடுத்து, "படிச்சுட்டிருங்க, காபி போட்டாரேன்"னு அந்தம்மா மறுபடியும் உள்ள போயிட்டாங்க. நான் ஒவ்வொரு தாளாக் கீழ விரிச்சு, கட்டையில தள்ளித் தள்ளிப் பரப்பி, அது மேல மிதிச்சு மிதிச்சு சமையக்கட்டு வரைக்கும் போய்ச் சேந்தேன். காபி டம்ளரோட திரும்புனவங்க மொகம் சுண்டிப் போச்சு.

"நீங்க வாரீங்கன்னு ரெண்டு தடவ தொடச்சேனுங்க. அதுலயும் பேப்பர் விரிச்சுத்தான் நடக்கறீங்க. என்ர ஊடு அத்தன அழுக்காங்க?"

வாட்ச்மேன் தோளு

பீளமேட்டுப் பக்கம் ஒரு அபார்ட்மெண்டு. ஏறறப்ப லிப்டு இருந்துது, எறங்கறப்ப கரண்டு இல்லை. ஏறறதுல பயம் கம்மிங்க. எறங்கறதுலதான் கண்ணு முன்னால ஆழம் தெரியும். படியில கைப்புடி போடறதுக்குப் பதிலா அழகுக்குக் கண்ணாடி வெச்சிருந்தாங்க. அதுல என்ர மொகம் தெரிஞ்சுது, பாக்கச் சகிக்கலை.

வாட்ச்மேன் ஓடியாந்து, "நான் தூக்கி எறக்கறேனுங்க"ன்னு குனிஞ்சாரு. தூக்கறவரு தடுமாறுனா விழறது நாந்தானே. வேண்டாமுங்கன்னேன். அவரு விடறதாயில்லை, "பயப்படாதீங்க, போன வாரம் மாடியில இருந்து பிரிட்ஜையே இந்தத் தோள்லதான் எறக்குனேன்"னாரு. பிரிட்ஜுக்கு ஒண்ணும் ஆகலைங்களான்னு கேட்டுப்போட்டு, பதிலுக்குக் காத்திராம படியில உக்காந்து, ஒவ்வொரு படியா நகந்தே எறங்க ஆரம்பிச்சேன். பின்னாலயே வந்தவரு, மனசாட்சியுள்ள ஆளு, கடைசியில சொன்னாரு.

"கதவு மட்டுந்தானுங்க கழண்டுச்சு."

தண்ணிக்குள்ள ஒரு தெரு

இது சிரிக்கறதுக்கில்லீங்க. மழை கொட்டி, ரோடும் சாக்கடையும் ஒரே நெறமாக் கெடக்குது. தெருப் பேரு எதுக்கு, உங்க ஊட்டுப் பக்கத்துலயும் அப்படியொண்ணு இருக்கும். முழங்கால் தண்ணியில கட்டைய முன்னால தட்டி, தரை தட்டுப்பட்டப்பறம் காலு. தட்டி, காலு. அப்படியே போயிட்டிருக்கறேன். ஒரு எடத்துல கட்டை போச்சு. போயிட்டே இருந்துது. கையி தண்ணியத் தொட்டிருச்சு, அப்பவும் அடி தட்டுப்படலை. மூடி இல்லாத சாக்கடை. ஒடம்பும் கூடவே சாஞ்சுது. எப்படிப் பின்னால இழுத்துக்கிட்டேன்னு இன்னைக்கும் தெரியலீங்க.

அதுக்கு மேல அசைய முடியலை. இந்த ஒலகத்துல எனக்கு நிச்சயமாத் தெரிஞ்ச தரை என்ர கால் வெச்சிருக்கற எடம் மட்டுந்தான். வந்த வழி எதுன்னே மறந்து போச்சு. மொத்த கனமும் பிளேட்டு வெச்ச இடுப்பு மேல. அது விட்டுருச்சுன்னா நான் அவ்வளவுதான். சட்டை ஜோப்புல போன் அடிக்குது. கஸ்டமரா இருக்கும், அரிசி ஊறப் போட்டிருப்பாங்க. கையெடுக்க முடியலை. அக்கட்டால ரோட்டோரக் கடையில நின்னவங்கள்ல ஒருத்தரு "இடது பக்கம் வாங்க"ங்கறாரு, இன்னொருத்தரு "வலது பக்கம்"ங்கறாரு. ரெண்டு பேரு தண்ணியில எறங்கி என்னயப் புடிக்க ஓடியாறாங்க. "வராதீங்க! தொடாதீங்க!"ன்னு கத்திப்போட்டேன். அவங்களுக்குக் கோபம் வந்துருச்சு, திரும்பிப் போயிட்டாங்க. நானும் தண்ணியும் மட்டும்.

அப்பறம் பூக்கடை அக்கா ஒருத்தங்க எறங்குனாங்க. கையில கொடை, அதையே கோலாக்கித் தரையக் குத்திக் குத்தி, மெதுவா வந்தாங்க. ஒரு கை தூரத்துல நின்னுக்கிட்டாங்க. தொடலை.

"உங்களுக்கு எங்க புடிக்கோணும், எந்தக் கைய நீட்டோணும்னு நீங்களே சொல்லுங்க கண்ணு. நான் அப்படியே செய்யறேன்."

சொன்னேன். செஞ்சாங்க. கரை சேந்தேன்.

இத்தனை நாள் இந்த ஊர்ல சுத்துனதுல எனக்குத் தெரிஞ்சது, குழி இருந்த எடத்துலயே இருக்கும், கேக்காம ஓடியாற நல்லவங்கதானுங்க எந்தப் பக்கத்துல இருந்து வருவாங்கன்னே தெரியாது.

இருங்க, கடைக்குள்ள இருந்து நம்ம கடைப் பையன் சண்முகம் கூப்புடறான். "ஏனுங்ணா, துடியலூர்க்காரங்க போன்ல இருக்கறாங்க. கல்லு சுத்தலையாம், நாளைக்கு விசேசமாம். போறீங்களா, முடியாதுன்னு சொல்லிரட்டுங்களா?"

அந்தக் கட்டைய... வேண்டாம், வேண்டாம், நானே எடுத்துக்கறேன்.

வாரேனுங்க.