ஜீவனின் ஆட்டோவில் ஏறமாட்டோம்

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தின் கடைசி லயத்து வரிசை வீடுகளிலிருந்து பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே கண்ணை மூடிய பிள்ளைத்தாய்ச்சிகளை இராக்கம்மாவுக்குத் தெரியும். ஒருத்தி கூடப்பிறந்தவள். அதனால் மகள் தனுஜாவின் வயிறு இறங்க இறங்க இராக்கம்மா பதுளைக்குப் போக வண்டி தேடிக்கொண்டே இருந்தாள். நாடு முழுக்கப் பெட்ரோல், டீசல் தட்டுப்பாடு. மருமகன் கொழும்பில், வர பஸ் இல்லை. தோட்டத்து லொறி டீசல் இல்லாமல் நின்றுவிட்டது. ஓடக்கூடியது ஜீவனின் ஆட்டோ ஒன்றுதான். அவனோ மூன்று மடங்கு கூலி கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலடியில் பஞ்சாயத்து கூடியது.

"சொந்த சனத்தையே கொள்ளையடிக்கிறியேடா!" என்றார் தலைவர் இராமையா.

"பெட்ரோல் ஷெட்டு கியூவுல ராத்திரி பகலா படுத்துக் கெடந்து எண்ணெய நீங்க வாங்கிட்டு வாங்க, மாமா. ஓசியிலயே ஓட்டுறேன்."

"கெடச்சதுல பாதியப் போத்தல்ல ஊத்தி லுணுகலையில வித்தியே, அதுவும் ஓசியா?" என்று பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. ஜீவன் எழுந்து நடந்துவிட்டான்.

கூலியைக் குறைக்கும்வரை அவன் வண்டியில் ஏறுவதில்லை என்று மாரியம்மன் முன்னால் கற்பூரம் கொளுத்தி, வீட்டுக்கு ஒருவர் கையடித்துச் சத்தியம் செய்தார்கள். இராக்கம்மாவும் அடித்தாள். மகளுக்கு இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் பயல் வழிக்கு வந்துவிடுவான் என்ற கணக்கு.

பயல் வரவில்லை. வண்டியைப் படங்குத் துணியால் மூடிவிட்டு வீட்டில் இருந்தான்.

அந்த வாரமே, மழை பிடித்துக்கொண்ட ஒரு பிற்பகலில், தனுஜாவுக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது. கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து ஓடிவந்த இராக்கம்மா ஆம்புலன்ஸுக்குப் போன் அடிக்கச் சொன்னாள். மழையில் சிக்னல் செத்துக் கிடந்தது. நேரே ஜீவன் வாசலுக்குப் போனாள்.

"சத்தியம் அடிச்ச கையோட வந்துட்டீங்களா, அத்தை?"

"என்ன வேணா பேசு. வண்டிய எடு, ஜீவா."

"கூலி அதேதான். நானும் எண்ணெய பிளாக்குல வாங்குனதுதான்."

"எடுன்றேன்ல!"

தனுஜாவைப் பின்சீட்டில் கிடத்தியபோது இராமையா குறுக்கே வந்து நின்றார். "மக போகட்டும், இராக்கு. அது சத்தியம் அடிக்கல. நீ ஏறாத. சத்தியத்த மீறுனா ஆத்தா வம்சத்துல கேக்காம விடமாட்டா."

இராக்கம்மா ஏறத் தூக்கிய காலைக் கீழே வைத்தாள். உள்ளே தனுஜா, "அம்மா, போயிறாத," என்று முனகினாள்.

"வழியில இவ தலைய யாருண்ணே மடியில வச்சிருப்பா? நீங்களா?" என்று கேட்டுவிட்டு ஏறினாள். லயமே பார்த்துக்கொண்டு நின்றது.

முதல் வளைவு தாண்டியதும் எஞ்சின் சத்தம் நின்றுபோனது.

"என்னடா, நின்னுபோச்சா?"

"எறக்கத்துல எதுக்கு எண்ணெய்? மேட்டுக்கு வேணும்ல. பேசாம இருங்க."

சத்தமில்லாமல் ஆட்டோ சரிந்துகொண்டு போனது. மூடுபனியில் பாதை முடிவதும் பள்ளம் தொடங்குவதும் தெரியவில்லை. வளைவுக்கு வளைவு பிரேக் மட்டும் கீச்சிட்டது. தனுஜாவின் நகம் தாயின் கையில் பதிந்தது. "மாரியாத்தா" என்று கூப்பிட வாய் திறந்தாள் இராக்கம்மா. மறுபடி மூடிக்கொண்டாள். எந்த வாயால் கூப்பிடுவது? ஆயுசில் முதல் தடவையாக, கூப்பிட யாருமில்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் ஜீவன் சொன்ன கூலியில் ஒரு சதம் குறைக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் தாதி ஸில்மியா துணியில் சுற்றிய குழந்தையைக் கொண்டுவந்து நீட்டினாள். "பொம்புளப் புள்ள. உம்மாவும் சொகம்."

இராக்கம்மா சிரிக்கவில்லை. துணியை விலக்கி விரல் விரலாகப் பிரித்துப் பார்த்தாள். காதை மடித்துப் பார்த்தாள். திருப்பி முதுகைத் தடவினாள்.

"என்னத்தத் தேடுறீங்க? புள்ள நல்லா ஈக்குது," என்றாள் ஸில்மியா.

ஒன்றுமில்லை என்று இராக்கம்மா தலையை ஆட்டினாள். தாதி போனதும், துணியை மறுபடியும் விலக்கி முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினாள்.