நான் ஆமென் சொல்லவில்லை

பதினொன்றாம் வகுப்பு படித்தபோது ஒரு வெள்ளிக்கிழமை, வேங்கிக்காலில் எங்கள் வீட்டில் நடந்த ஜெபக் கூட்டத்தில் அப்பா என்னைக் காட்டிக்கொடுத்தார். இன்றும் அப்படித்தான் சொல்வேன்.

அப்பா கலெக்டர் ஆபீசில் கிளார்க். வாராவாரம் சபையார் ஏழெட்டுப் பேர் எங்கள் கூடத்தில் பாய் விரித்து உட்கார்வார்கள். அன்று எல்லோரும் கண்களை மூடியிருக்க, அப்பா உரக்க ஜெபித்தார்: "ஆண்டவரே, என் மகள் டியூஷன் போவதாகப் பொய் சொல்லி, அந்நிய தெய்வங்களுக்குப் பின்னால் போய்விட்டாள். அவள் கடின இருதயத்தை உடைத்தருளும்."

நடந்தது இதுதான். அந்த வாரம் பௌர்ணமி. என் வகுப்புத் தோழியின் வீட்டார் கிரிவலப் பாதையில் தண்ணீர்ப் பந்தல் போட்டிருந்தார்கள். சாயந்திரம் இரண்டு மணி நேரம் அவளோடு நின்று, வெறுங்காலோடு மலையைச் சுற்றி வந்தவர்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். அப்பாவின் ஆபீஸ்காரர் ஒருவர் அதைப் படம் பிடித்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். அப்பா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராக ஆண்டவரிடம் போய்விட்டார், அதுவும் ஊரைக் கூட்டிவைத்துக்கொண்டு.

எல்லோரும் ஆமென் என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அம்மா என் தொடையைக் கிள்ளினாள். நான் எழுந்து நின்றேன்.

"பொய் சொன்னது தப்புப்பா. அதுக்கு மன்னிப்புக் கேக்குறேன். தண்ணி குடுத்ததுக்குக் கேக்க மாட்டேன். தாகமா இருக்கிறவங்களுக்குத் தண்ணி குடுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க? யாரைக் கும்பிடுறாங்கன்னு விசாரிச்சுட்டுக் குடுன்னு சொல்லலியே."

"உக்காரு" என்றார் அப்பா.

"என்னைப் பத்தி ஏதாச்சும்னா எங்கிட்ட கேளுங்க. ஜெபத்துல வெச்சுத் திட்டாதீங்க."

வந்திருந்த பெரியவர் ஒருவர், பெற்றோரைக் கனம்பண்ண வேண்டும் என்று நினைவூட்டினார். எனக்கா தெரியாது? ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்து பரிசு வாங்கியவள் நான். பிள்ளைகளைக் கோபப்படுத்தாதீர்கள் என்று தகப்பன்மாருக்கும் வேதத்தில் எழுதியிருக்கிறது. அதை எந்தக் கூட்டத்திலும் யாரும் வாசித்து நான் கேட்டதில்லை. அதையும் அவரிடம் சொன்னேன். குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டேன்.

மூன்று வாரம் அப்பா என்னோடு பேசவில்லை. "போய் மன்னிப்புக் கேளேன்டி, உனுக்கு என்னா கொறஞ்சிடப் போவுது" என்பாள் அம்மா. "கேக்க வேண்டியதுக்குக் கேட்டுட்டேம்மா" என்பேன். வெள்ளிக்கிழமை ஜெபங்களில் எனக்காக வேண்டிக்கொள்வதையே அவர் விட்டுவிட்டார். அது வலித்தது. ஆனாலும் இறங்கிப் போகவில்லை.

அடுத்த பௌர்ணமியன்று அவர் முன்னால் போய் நின்றேன். "தண்ணிப் பந்தலுக்குப் போறேம்பா. சொல்லிட்டுப் போறேன்."

அவர் பேப்பரிலிருந்து நிமிரவில்லை. நான் செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டைத் திறந்தபோதுதான், "ஏழு மணிக்குள்ள வந்துடணும்" என்றார்.

ஏழுக்குள் வந்தேன். "கூட்டமா?" என்று கேட்டார்.

"ஜாஸ்திப்பா."

நான் செய்தது சரி என்று அவர் இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை. நானும் தப்பென்று ஒப்புக்கொண்டதில்லை.