மாமா போடாத ஷூ

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். கடவுளுக்குப் பயந்தவள் நான். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

என் மாமனார் முடி திருத்துபவர். நாற்பது வருடம் ரப்பர் செருப்போடு நின்றே வேலை பார்த்தவர். சர்க்கரைப் புண் முற்றி, இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்த அன்று, "இனிமே செருப்புத் தேய்மானம் பாதிதாம்மா" என்று சிரித்தார்.

மறுநாள் அந்தச் சிரிப்பு போனது. சாயங்காலம் சரியாக 4.10. இல்லாத காலைக் காட்டிக் கத்தினார்.

"விரலெல்லாம் மடங்கிக் கிடக்கு... ஷூ பத்தலம்மா!"

"என்ன ஷூ மாமா? நீங்க ஷூவே போட்டதில்லையே?"

"பக்கிள் வச்சது. கழட்டேன்!"

வெட்டிய கால் வலிப்பது சகஜம், சிறுத்துப்போனது போலக்கூடத் தோன்றும் என்றார் டாக்டர். மாத்திரையைக் கூட்டினார். இருக்கிற காலைக் கண்ணாடியில் பார்த்து அசைக்கச் சொல்லிப் பயிற்சி தந்தார். வலி எதற்கும் கேட்கவில்லை. தினமும் 4.10. வலி பொறுக்காமல் பல்லைக் கடித்துக் கடித்து ஒன்று உடைந்தே போனது.

பதினோராம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. மனசுக்காவது ஆறுதலாக இருக்கட்டும் என்று, போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தில் கையை வைத்துக் கழற்றுவது போல நடித்தேன்.

விரலில் ஏதோ பட்டது.

சில்லென்று... இரும்பு.

'டக்.'

மாமா நீளமாக மூச்சு விட்டார். "நல்லா இருப்பேம்மா..." அப்படியே தூங்கிப்போனார்.

என் விரல் நுனியில் கறுப்பு பாலிஷ்.

மறுநாள் மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது நர்ஸிடம் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது.

மாமாவுக்கு ஆபரேஷன் நடந்த அன்றே ஒரு சிறுமிக்கும் நடந்ததாம். பள்ளிக்கூடம் விட்ட நேரம்... லாரி. நசுங்கிய ஷூவைக் கழற்ற முடியாமல், வெட்டியதை அதோடேயே எரிக்க அனுப்பினார்களாம். மாமாவின் காலும் அதே பையில்.

"ஷூவைக் கழட்டுங்க அக்கான்னு கேட்டுட்டே இருந்துச்சு. இல்லாத காலுக்கு என்னத்தைக் கழட்டுறதுன்னு விட்டுட்டோம். நீங்க வீட்டுக்குப் போன மறுநாள்... 4.10க்கு... உயிர் போயிடுச்சு."

"நான் கழட்டிட்டேன் சிஸ்டர்."

"ஒண்ணையா?"

"ஏன்?"

"அந்தப் புள்ளைக்கு ரெண்டு காலையும் எடுத்தாங்க."

ஓடி வந்தேன். மணி 4.10.

மாமா வலது காலைப் பிடித்துக்கொண்டு அலறினார்.

இருக்கிற கால்.

ஐந்து விரலும் மடங்கி... நீலமாக...

வெறும் கால்தான். தினமும் தடவித் தடவிப் பார்க்கிறேன்.

பக்கிள் கைக்கு அகப்படவேயில்லை.