வள்ளத்தில் ஒரு துவக்கு

கியூபெக்கில், புவாண்ட்-கிளேர் என்ற ஊரில் நான் வேலை செய்யும் களஞ்சியத்தில் ஒரு கியூபெக்காரர் இருக்கிறார். என் பிழைபிழையான பிரெஞ்சைப் பொறுமையாகக் கேட்கிற மனிதர். போன வருடம் இலையுதிர் காலத்தில், ஒரு சனிக்கிழமை காலை, தன்னுடைய சின்ன மோட்டார் வள்ளத்தில் என்னை ஏரிக்கு மீன்பிடிக்கக் கூட்டிக்கொண்டு போனார். ஊரை விட்டு வந்த பிறகு நான் வள்ளத்தில் கால் வைத்தது அன்றைக்குத்தான்.

கரையை விட்டு வெகுதூரம் போன பிறகே இருக்கைக்குக் கீழே கிடந்த நீளமான உறையைக் கண்டேன்.

"அது என்ன?"

"துவக்கு. திரும்பும்போது வாத்து, தாரா ஏதாவது சுடலாம் என்று கொண்டுவந்தேன். பயப்படாதே, தோட்டா போடவில்லை. கொண்டுபோகும்போது வெறுமையாகத்தான் இருக்க வேண்டும், அது சட்டம்."

வள்ளத்தைத் திருப்பச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பொலிஸ் படகொன்று எங்களை நோக்கி வந்தது. என் இரண்டு கைகளும் தாமாகவே தலைக்கு மேலே போய்விட்டன.

சண்டைக் காலத்தில் எங்கள் கடலுக்கு என் அண்ணை கொண்டுபோனது வலையும், மீன்பிடிக்கக் கடற்படை கொடுத்த பாஸும் மட்டும்தான். "பின்னேரம் வந்திடுவன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனவர். சீருடைக்காரர் மறித்ததைப் பக்கத்து வள்ளத்துக்காரர் கண்டிருக்கிறார்கள். துவக்கு இருக்கிறதா என்று வலையைக் கூடக் கிளறிப் பார்த்தார்களாம். ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனாலும் அண்ணையை ஏற்றிக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

"கையை இறக்குங்கள், ஐயா," என்றாள் பொலிஸ்காரி. சின்ன வயது. நண்பர் தானாகவே துவக்கைப் பற்றிச் சொன்னார். அவள் உறையைத் திறந்து, வெறுமையாக இருப்பதைப் பார்த்து, துவக்கின் இலக்கத்தை அவருடைய பதிவுப் பத்திரத்தோடு ஒப்பிட்டாள்.

"எல்லாம் சரி. நல்ல மீன் கிடைக்கட்டும்."

படகு போய்விட்டது. அண்ணைக்கும் யாராவது இப்படிச் சொல்லி அனுப்பியிருக்கலாமே என்று நினைத்ததும் அடக்க முடியாமல் அழுதேன்.

நண்பர் எஞ்சினை நிறுத்தினார். பிரெஞ்சில் சொல்லப் பார்த்தேன். எனக்கு ஒரு அண்ணை என்று தமிழில் நிறுத்திவிடலாம். பிரெஞ்சில் இருக்கிறாரா, இருந்தாரா என்று சொல்லியாக வேண்டும். இருக்கிறார் என்றேன். பிறகு மற்றதையும் சொன்னேன்.

அவர் கரைக்குத் திரும்பி, துவக்கைக் கார் டிக்கியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தார். மறுபடியும் ஏரிக்குள் போய் மத்தியானம் வரை தூண்டில் போட்டோம். மீன் படவில்லை.

"அவருடைய பெயர் என்ன?" என்று கேட்டார்.

சொன்னேன். அவருக்கு வாயில் நுழையவில்லை. இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். அண்ணையின் பெயரை நான் வாய்விட்டுச் சொல்லி எவ்வளவு காலம்! மூன்றாம் தரம் அவர் கேட்காமலே சொன்னேன்.