டணார் அக்காவின் வண்டி

தண்ணீர் தானாக மேலே ஏறாது. இந்த ஒரு வரியைச் சொல்லியே குடிநீர் வாரியம் மேட்டுக் குடியிருப்பின் வாயைப் பல வருடங்கள் அடைத்து வைத்திருந்தது. "மேட்டுல இருக்கீங்க, தண்ணி ஏறமாட்டேங்குது. நாங்க என்ன பண்ணட்டும்?" என்று கையை விரிப்பார்கள். கேட்கப் போனவர்கள் ஏதோ குற்றம் செய்துவிட்டவர்களைப்போலத் திரும்பி வருவார்கள்.

ஆனால் தொட்டி எங்கே இருந்தது? குன்றின் உச்சியில், அந்தக் குடியிருப்புக்கும் மேலே. பம்பு தண்ணீரை உச்சிக்கு ஏற்றிவிடும். அங்கிருந்து இறங்கும் பெரிய குழாய் இவர்கள் வாசலைத் தாண்டித்தான் கீழே கடைத்தெருவுக்கும் மாடிவீடுகளுக்கும் போனது. ஏறவேண்டியது தண்ணீர் அல்ல, தொட்டியடியில் உள்ள வால்வைத் திறக்கும் ஆள். அந்த ஆளுக்கு மனம் வந்த நாளில் தண்ணீர் வந்தது, வராத நாளில் பழியைப் புவியீர்ப்பின் தலையில் போட்டார்கள்.

அந்த வேலைக்கு வந்தவர்தான் பின்னால் டணார் அக்கா என்று பெயர் வாங்கினார். முப்பதைத் தாண்டிய வயது, ஒல்லியான உடம்பு, கணீரென்ற குரல். விடிந்ததும் உச்சிக்குப் போய் மேட்டு வால்வைத் திறக்கவேண்டும். குடியிருப்பு தண்ணீர் பிடித்து முடிக்கும்வரை காத்திருந்து மூடிவிட்டு, கீழே வந்து கடைத்தெரு வால்வைத் திறக்கவேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்தால் எங்குமே ஒழுங்காக வராது. முன்பிருந்தவர்கள் கீழ் வால்வை மட்டும் திறந்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். இவர் தினமும் மேலே போனார். ஜீப் பாதை பம்பு அறையோடு முடிந்துவிடும். அதற்கு மேல் ஒற்றையடிப் பாதை, கல்லும் வேருமாக. ஸ்கூட்டரில் முயன்ற ஒருவர் பள்ளத்திலிருந்து எடுக்கப்பட்டார். நடந்து நடந்து இவருடைய முழங்கால் ஒரு வருடத்திலேயே வீங்கிவிட்டது.

முழங்காலை விடுவதா, மேட்டை விடுவதா என்று யோசித்தவர் மூன்றாவதாக ஒன்றைச் செய்தார். மலைப்பாதைக்கென்று செய்த மின்சைக்கிள் ஒன்றைத் தம் சேமிப்பிலிருந்து வாங்கினார்.

கடைக்காரர் நேர்மையான ஆள். "இதுக்கு ஹார்டுடெயில்னு பேரும்மா. முன்னாடி மட்டும்தான் ஸ்பிரிங், பின்னாடி கட்டை. கல்லுல போனா முதுகெலும்பு ஒவ்வொன்னும் தனித்தனியா பேசும். ரெண்டு பக்கமும் ஸ்பிரிங் வச்சது காட்டவா?"

"அதுல கேரியர் மாட்டலாமா?"

"கஷ்டம்."

"அப்ப கட்டையே குடுங்க. கல்லு வந்தா நான் எந்திரிச்சு நின்னுக்கிறேன்."

வண்டி வீட்டுக்கு வந்ததும் அறிவுரைகள் வந்தன. நாத்தனார் மெனக்கெட்டு வந்து, "வேணாம் அண்ணி, கர்ப்பப்பை இறங்கிடும்" என்றார். மேட்டுப் பெண்கள் நிறைகுடத்தை இடுப்பில் சுமந்து மேடேறும்போது இறங்காத கர்ப்பப்பை, குடம் சுமக்கத் தேவையில்லாமல் செய்யப்போகும் சைக்கிளில் ஏறினால் மட்டும் இறங்கிவிடுமாம். பெண்ணின் உடம்பைப் பற்றிய இந்தக் கரிசனம் எப்போதும் அவள் சுமை குறையும் நேரம் பார்த்துத்தான் பொங்குகிறது.

அலுவலகத்தில் வேறு விதமான கேலி. "பேட்டரிதான் ஓட்டுது, நீ சும்மா உக்காந்துட்டு வர்ற. அப்ப சம்பளத்தை பேட்டரிக்குத்தானேம்மா குடுக்கணும்?" என்றார் சூப்பர்வைசர்.

"ஜீப்பை நீங்க தள்ளிக்கிட்டா சார் வர்றீங்க?" என்று கேட்டுவிட்டு இவர் போய்விட்டார்.

வால்வு சாவி என்பது இடுப்புயர இரும்புக் கம்பி, தலையில் குறுக்குப் பிடி. அதை இருக்கைக்கு அடியில் ஒரு கொக்கியில் மாட்டி, கீழ் முனையைக் கேரியரின் இரும்புக் காலோடு கயிற்றால் கட்டினார். கயிறு எவ்வளவு இறுக்கினாலும் ஒவ்வொரு கல்லிலும் சாவி கேரியரில் மோதி டணார் என்றது. அந்தச் சத்தம் பாதையில் கேட்டதும் மேட்டுப் பெண்கள் குடங்களைக் குழாயடியில் வைத்துவிடுவார்கள். அங்கே கடிகாரம் இல்லாத வீடு உண்டு, டணார் கேட்காத வீடு இல்லை.

புதிதில் வண்டியைச் சீராட்டாதவர் யார்? ஏழு வருடம் கழித்தும் சீராட்ட வேண்டுமென்றால் அதற்கு உழைக்கவேண்டும். சங்கிலிகள் தேய்ந்து மாறின. மழைக்காலச் சேறு பிரேக் கட்டைகளை அரைத்துத் தின்றது. பின் சக்கரத்தில் கம்பி ஒடிந்தால் அவரே கோத்து நிமிர்த்தக் கற்றுக்கொண்டார். முன் ஸ்பிரிங் முனகத் தொடங்கியபோது பிரித்து எண்ணெய் மாற்ற வைத்தார். அவருடைய கணவர் தையல்காரர். பேட்டரிக்குக் குளிருக்கு ஒரு மெத்தைச் சட்டையும் மழைக்கு ஒரு ரெக்ஸின் சட்டையும் தைத்துக் கொடுத்தார். "எனக்கு ஜாக்கெட் தைக்கச் சொன்னா மட்டும் ஒரு மாசம் இழுக்கிறீங்க" என்று அக்கா சொல்வார்.

பேட்டரிக்கும் வயதானது. ஆரம்பத்தில் ஒரு முறை ஏற்றிய மின்சாரத்தில் மேட்டுக்கு மூன்று தடவை போகலாம். ஏழாம் வருடத்தில் ஒரு தடவைக்கே மூச்சு வாங்கியது. அக்கா சிக்கனத்துக்கு வந்தார். சமதளத்தில் மோட்டாரைப் போடுவதே இல்லை. வீட்டிலிருந்து குன்றடிவரை சும்மா மிதித்துப் போவார், குன்றடியில்தான் பொத்தானை அழுத்துவார்.

அந்தக் கோடையில், பேட்டரி செத்தது. அப்படித்தான் எல்லோரும் சொன்னார்கள்.

குன்றடியில் பொத்தானை அழுத்தினால் மோட்டார் இரண்டு மிதி உதவும், பிறகு விளக்கு சிமிட்டிவிட்டு நின்றுவிடும். கடைக்குக் கொண்டுபோனால் ஒழுங்காக ஓடும். கடைக்காரர் தெருவில் ஒரு சுற்றுப் போய்வந்து தலையைச் சொறிந்தார். "இங்க குதிரை மாதிரி போகுது. மேட்டுல படுத்துக்குதுன்னா பேட்டரிதாம்மா. இந்த மாடல் பேட்டரி இப்ப வர்றதில்லை. வேற வண்டி பாத்துக்கோங்க."

ஏழு வருடமாக எல்லோரும் எதிர்பார்த்திருந்த சாவு என்பதால் யாரும் நாடி பிடித்துப் பார்க்கவில்லை. அக்காவுமே பார்க்கவில்லை.

அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏறினார். அந்தக் கனமான வண்டி, அதில் சாவி, பழைய முழங்கால். மேட்டுக்கு ஒரு நாளும் தவறவில்லை, ஆனால் கீழே இறங்கிவர நேரமானது. கடைத்தெருவில் தண்ணீர் தாமதமானது. மேட்டுக்காரர்கள் வருடக்கணக்கில் மனுக்கொடுத்து அசையாத அலுவலகம், மாடிவீட்டிலிருந்து வந்த ஒரு தொலைபேசிக்கு எழுந்து நின்றது. திங்கட்கிழமையிலிருந்து மேட்டுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர், முதல் திங்களே தண்ணீர் இல்லாத நாள் என்று உத்தரவு வந்தது.

"தாமதமாகாம செஞ்சா?" என்று கேட்டார் அக்கா.

"எதை வச்சு? செத்த வண்டியை வச்சா?" என்றார் சூப்பர்வைசர். "விடும்மா. அவங்களுக்குப் பழக்கம்தான்."

அந்தக் கடைசி வார்த்தையோடு அக்கா வீட்டுக்கு வந்தார். ஒருவரை வருடக்கணக்கில் வதைத்துவிட்டு, அதையே அவருடைய பழக்கம் என்று சொல்வதைவிடக் கேவலமான வாதம் கிடையாது. கோபத்தில் அழுகை வரவில்லை, யோசனை வந்தது.

கடையில் ஓடுகிறது, மேட்டில் நிற்கிறது. மேட்டில் என்னென்ன இருக்கிறது? ஏற்றம் இருக்கிறது. வேறு? சாவி இருக்கிறது. கடைக்குச் சாவியை எடுத்துப் போனதே இல்லை. சனிக்கிழமை மாலை சாவியை வீட்டில் போட்டுவிட்டு வண்டியை மட்டும் குன்றுக்கு ஓட்டிப்போனார். பொத்தானை அழுத்தினார். வண்டி ஹூம் என்று உச்சிவரை ஏறி நின்றது. பேட்டரி கிழடுதான், பிணமல்ல.

வீட்டுக்கு வந்து சாவியை மாட்டி, சந்தின் சமதளத்தில், மாதக்கணக்கில் செய்யாத காரியமாக, மோட்டாரைப் போட்டார். இரண்டு மிதி. சிமிட்டல். நின்றுவிட்டது. கனமா காரணம்? சாவியை எடுத்துவிட்டு, கணவரைக் கேரியரில் உட்காரச் சொன்னார்.

"என்னையா? தெருவே பாக்குது."

"பாக்கட்டும். உக்காருங்க."

அவரோடு வண்டி ஜம்மென்று போனது. ஒரு முழுத் தையல்காரரை இழுக்கிற மோட்டார் ஒரு கம்பிக்கு ஏன் பயப்படவேண்டும்? அக்கா இறங்கி, சாவியின் கீழ் முனையைப் பார்த்தார். அதில் கணவர் தைத்துப் போட்ட தடித்த துணியுறை இருந்தது.

அந்த உறைக்கு ஒரு கதை உண்டு. அடுத்த வீட்டுக்காரர் இரவுக் காவலாளி. விடியற்காலையில் வந்து கண்ணயரும்போது டணார் சத்தம் எழுப்பிவிடுகிறது என்று தையல்காரரிடம் புலம்பியிருந்தார். இவரும் கோடையின் தொடக்கத்தில் சத்தமில்லாமல் ஒரு வேலை செய்தார். சாவி முனைக்கு உறை தைத்து, கேரியர் காலோடு ஆடாமல் ஒட்டிக்கொள்ள உள்ளே ஒன்றை வைத்தார். கயிறும் வேண்டியதில்லை, சத்தமும் இல்லை. அக்காவுக்கும் மகிழ்ச்சிதான். மேட்டுப் பெண்கள் மட்டும், "நீ வர்றதே தெரியமாட்டேங்குதே" என்று முறையிட்டார்கள்.

"ஏங்க, இதுக்குள்ள என்ன வச்சிருக்கீங்க?"

"கடையில ஊசி பொறுக்கிற காந்தம்."

அக்கா குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்தார். வண்டி வாங்கிய நாளில் கடைக்காரர் காட்டியது நினைவுக்கு வந்தது. பின்சக்கரக் கம்பி ஒன்றில் பட்டாணி அளவு காந்தம். சக்கரம் சுற்றும்போது அது சட்டத்திலுள்ள சிறு கருவியைக் கடந்து போகும். அதை வைத்துத்தான் சக்கரம் சுற்றுவது மோட்டாருக்குத் தெரியும். தையல்காரரின் பெரிய காந்தம் அந்தக் கருவிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அதன் கண்ணைக் கட்டிவிட்டது. சக்கரம் நிற்கிறது என்று நினைத்து மோட்டாரும் நின்றுகொண்டது.

உறையைப் பிரித்துக் காந்தத்தை எடுத்து, சாவியைப் பழைய கயிற்றால் கட்டி ஓட்டிப்பார்த்தார். வண்டி சந்து முழுக்க டணார் டணார் என்று பாய்ந்தது. காவலாளி கதவைத் திறந்து எட்டிப்பார்த்தார்.

தையல்காரர் முகத்தில் ஈயாடவில்லை. "நான் நல்லதுக்குத்தான்..."

"நல்லதுக்குத்தான். அடுத்த தடவை நல்லது பண்ணுறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. ஏழு வருஷத்து வண்டியை உயிரோட புதைக்கப் பாத்தீங்களே!" என்று சிரித்தார் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை சூப்பர்வைசரிடம் சொன்னார். "நாளைக்கும் மேட்டுக்குத் திறப்பேன் சார். கீழ ஒரு நிமிஷம் தாமதமானா உங்க உத்தரவே இருக்கட்டும். ஆகலைன்னா அதைக் கிழிச்சுப் போடுங்க. சந்தேகம்னா நீங்களே தொட்டிக்கு வந்து பாருங்க."

அவர் வந்தார். வீம்புக்குத்தான் வந்திருக்கவேண்டும். ஜீப்பைப் பம்பு அறையில் விட்டுவிட்டு ஒற்றையடிப் பாதையில் நடந்தார். பாதி வழியில் ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைத்தபோது பின்னால் டணார் கேட்டது. அக்கா மிதிகளில் எழுந்து நின்றபடி, கல்லுக்குக் கல் வண்டியை வளைத்து ஏற்றிக்கொண்டு வந்தார். "ஓரம் சார்!" என்றார். சூப்பர்வைசர் ஓரமானார்.

மேலே பல நாள் கழித்துச் சத்தம் கேட்டதில் குடியிருப்பே கிளம்பிவிட்டது. "டணார் வந்துருச்சு!" என்று ஒரு குரல் எழுந்தது, குடங்கள் வரிசையில் வந்து அமர்ந்தன. சூப்பர்வைசர் வேர்த்து வழிந்து வந்து சேர்ந்தபோது குழாய்கள் கொட்டிக்கொண்டிருந்தன. மூச்சு வாங்கியபடி, தொட்டியை ஒட்டிய முதல் வீட்டுக்காரம்மாவிடம் சைகையில் குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

அந்த அம்மா டம்ளரை நிரப்பினார், உடனே நீட்டவில்லை. "இன்னைக்குத் திங்கள் ஆச்சே. உங்க கணக்குப்படி எங்களுக்குத் தண்ணி இல்லாத நாளு. நாளைக்குக் குடிக்கிறீங்களா சார்?"

சுற்றி நின்றவர்கள் வெடித்துச் சிரித்தார்கள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. குடித்தார். இன்னொரு டம்ளர் கேட்டார்.

"பழக்கம் இல்லைன்னா கஷ்டம்தான்" என்றார் வால்வை மூடிக்கொண்டிருந்த அக்கா.

சூப்பர்வைசர் இறங்கிவரும் முன்பே கடைத்தெருவில் தண்ணீர் வந்துவிட்டது, வழக்கமான நேரத்தில்.

உத்தரவு அன்று மாலையே ரத்தானது. அக்கா அதோடு விடவில்லை. ஒரு குடியிருப்பின் குடிநீர் ஒருத்தியின் சொந்தச் சைக்கிளில் தொங்குவது அவளுக்குப் பெருமையாக இருக்கலாம், வாரியத்துக்கு வெட்கம் என்று சூப்பர்வைசரின் மேசைக்கு எதிரே நின்று சொன்னார். மேட்டுப் பெண்களும் வந்து நின்றார்கள். வண்டியை வாரியத்தின் வேலைக்கான வண்டியாக ஏற்றுக்கொண்டார்கள். பழைய பேட்டரியின் கூட்டுக்குள் புதிய மின்கலங்களை வாரியச் செலவில் அடுக்கித் தந்தார் அதே கடைக்காரர்.

இப்போது வண்டிக்கு ஒன்பதாவது வருடம். சட்டமும் கைப்பிடியும் பேட்டரிக் கூடும் மட்டும்தான் வாங்கியபோது இருந்தவை. மறுபடியும் மூன்று தடவை மேடேறுகிறது. சந்தின் முனைவரை சாவிக்குக் காந்தமில்லாத பஞ்சுறை, காவலாளி தூங்குகிறார். குன்றடியில் அக்கா உறையை உருவி இடுப்பில் செருகிக்கொள்கிறார், பொத்தானை அழுத்துகிறார்.

டணார்.